டென்மார்க் வீட்டு மகிழ்ச்சி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை

நான் 1999இல் கல்யாணமாகிப் பருத்தித்துறையிலிருந்து டென்மார்க்குக்கு வந்தவள். யூட்லாந்தின் நடுவே ஹேர்னிங் நகரத்தில் இருக்கிறோம். இருபது வருடத்துக்கு மேலாக ஒரு பாலர் பாடசாலையில் உதவியாளராக வேலை செய்கிறேன். 2016 வாக்கில் 'ஹ்யுகெ' என்ற டெனிஷ் சொல் உலகம் முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து ஊரில் இருக்கும் தங்கை, கனடா மச்சாள், சென்னைச் சிநேகிதி, இங்கே புதிதாக வந்து சேரும் பிள்ளைகள் என்று எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவரவர் கேட்ட வாய்ப்பேச்சிலேயே கீழே போட்டிருக்கிறேன்.

ஹ்யுகெ, ஹ்யுகெ எண்டு எல்லாரும் சொல்லுகினம். மெழுகுதிரி கொளுத்திறதோ அது?

மெழுகுதிரியும் கொளுத்துவார்கள். ஆனால் திரி அணைந்த பிறகும் ஹ்யுகெ இருக்கும். நெருக்கமான நாலு பேர், அவசரமில்லாத நேரம், யாரும் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டத் தேவையில்லாத ஓர் இடம். இந்த மூன்றும் கூடி வரும்போது மனம் இளகுகிறதே, அந்த இளகலுக்கு இவர்கள் வைத்த பெயர் அது. எங்கள் மொழியில் 'ஆற அமர இருத்தல்' என்று சொல்கிறோம் அல்லவா, அதுதான் எனக்குத் தெரிந்து இதற்குக் கிட்ட வரும் சொல்.

சொல் நோர்வே மொழியிலிருந்து வந்தது. டெனிஷ் எழுத்தில் புழங்கத் தொடங்கி ஏறக்குறைய 200 வருடம் ஆகிறது. இதன் எதிர்ச்சொல்லைக் கேட்ட அன்றுதான் எனக்கு இது சரியாக விளங்கியது. ஒரு கொலைச் செய்தியையோ, இருட்டில் ஆளரவமில்லாத பாழ் வீட்டையோ 'ஊஹ்யுகெலி' என்பார்கள். பயங்கரம், நெஞ்சைப் பதற வைப்பது என்று பொருள். ஆக, ஹ்யுகெக்கு எதிரே நிற்பது வறுமையோ கவலையோ இல்லை, அச்சம். வீட்டுக்குள் யாருக்கும் யாரிலும் பயம் இல்லாமல் இருந்தால் பாதி வந்துவிட்டது.

அதை எப்பிடி வாயில சொல்லுறது?

நாக்கை 'இ' சொல்வதுபோல வைத்துக்கொண்டு உதட்டை 'உ' சொல்வதுபோலக் குவியுங்கள். பிறகு 'கெ' என்று மெதுவாக முடியுங்கள். ஹ்யுகெ. அது வினைச்சொல்லும்தான். வேலை முடிந்து போகும்போது 'ஹ்யு டை' என்பார்கள், 'சந்தோஷமாகப் பொழுதைக் கழி' என்பதுபோல.

டென்மார்க்காரங்கதான் உலகத்திலேயே சந்தோஷமானவங்கன்னு சொல்றாங்களே, நெசமா?

உலக மகிழ்ச்சி அறிக்கை 2012இல் முதலில் வந்தபோது டென்மார்க்தான் முதலிடம். 2013, 2016 அறிக்கைகளிலும் அதுவே. 2018இலிருந்து பின்லாந்து முன்னுக்குப் போய்விட்டது, டென்மார்க் பெரும்பாலும் அதற்கு அடுத்தபடியில் நிற்கிறது. ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். பூச்சியம் முதல் பத்து வரை படிகள் உள்ள ஓர் ஏணியை மனதில் நினைத்துக்கொள், உன் வாழ்க்கை இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. நேற்று எத்தனை தடவை சிரித்தாய் என்று கேட்பதில்லை.

அதனால் இது குதூகலத்தின் அளவு இல்லை, நிறைவின் அளவு. இங்கே பஸ்ஸில் ஏறினால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருப்பார்கள். புதிதாக வந்த காலத்தில் 'இவர்களா சந்தோஷமான சனம்?' என்று நானே யோசித்திருக்கிறேன். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்களும் தனிமையில் வாடுபவர்களும் இந்த நாட்டிலும் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் தங்கள் வாழ்க்கையை ஏழாவது எட்டாவது படியில் வைக்கிறார்கள் என்பதும் உண்மைதான்.

அரசாங்கமே எல்லாத்தையும் பாத்துக்கிட்டா யார்தான் சந்தோஷமா இருக்க மாட்டாங்க? நம்ம வீட்டுக்கு எடுத்துக்க இதுல என்ன இருக்கு?

சென்னைச் சிநேகிதி கேட்டது. நியாயமான கேள்வி, இதைத் தாண்டிப் போகக்கூடாது. இங்கே வழமையான வேலைக்கிழமை 37 மணித்தியாலம். பின்னேரம் நாலு மணிக்கு அலுவலகங்கள் வெறிச்சோடும். ஐந்து மணிக்குள் எங்கள் பாலர் பாடசாலை பூட்டிவிடும் என்பதால் தொழிற்சாலை முதலாளியும் அங்கே துப்புரவு வேலை செய்பவரும் ஒரே வாசலில் பிள்ளையை எடுக்க வந்து நிற்பார்கள். வருடத்தில் ஐந்து கிழமை சம்பளத்தோடு லீவு. ஆஸ்பத்திரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கட்டணம் இல்லை. இதற்கு விலையும் உண்டு. கடைச் சாமானில் 25 சதவீதம் வரி, சம்பளத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு, சிலருக்கு அதற்கும் மேல்.

அந்த ஏற்பாட்டை யாரும் பெட்டியில் கட்டி ஊருக்குக் கொண்டுபோக முடியாது. மெழுகுதிரி வாங்கினால் டென்மார்க் வந்துவிடும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இவர்கள் அந்த நேரத்தைக் கையில் வாங்கிய பிறகு என்ன செய்கிறார்கள் என்பது வீட்டு விஷயம், அதை எடுத்துக்கொள்ளலாம். ஆறு மணிக்கு எல்லாரும் மேசையில் இருப்பார்கள். அந்த நேரத்தில் இன்னொரு வீட்டுக்கு டெலிபோன் எடுப்பதற்கே யோசிப்பார்கள். உங்கள் வீட்டில் ஒன்பது மணிக்குத்தான் அவர் வேலையால் வருகிறார் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாப்பாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த நேரமானாலும் சரி, அது அசையக்கூடாது.

தொடங்கிறதுக்கு என்ன சாமான் வேண்ட வேணும்?

ஒன்றும் வேண்டாம். முதலில் கூரை நடுவில் எரியும் வெள்ளை விளக்கை அணையுங்கள். டெனிஷ் வீடுகளில் மாலையில் அதைப் போடுவது குறைவு. மேசைக்கு மேலே தாழத் தொங்கும் ஒரு விளக்கு, கதிரைக்குப் பக்கத்தில் ஒன்று, யன்னல் ஓரத்தில் ஒன்று என்று சின்னச் சின்ன வெளிச்சக் குட்டைகள்தான் இருக்கும். ஆட்கள் தாங்களாகவே அந்தக் குட்டைகளுக்குள் வந்து சேர்வார்கள். டிசம்பரில் இங்கே பகல் ஏழு மணித்தியாலம்தான், நாலு மணிக்கு முன்னமே இருட்டிவிடும். வெளிச்சத்தைப் பற்றி இவர்கள் இவ்வளவு யோசிப்பதற்கு அதுதான் காரணம்.

போல் ஹென்னிங்சன் என்ற கட்டடக் கலைஞர் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் வளர்ந்தவர். மின்சார பல்ப் கண்ணைக் குத்துகிறதே என்று வருடக்கணக்காக மண்டையை உடைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக மூடிகளை அடுக்கி, பல்ப் நேரே கண்ணில் படாதபடி விளக்குச் செய்தார். முதல் விளக்குகள் 1920களில் வந்தன, 1958இல் வந்த பி.ஹெச்.5 இன்றைக்கும் எத்தனையோ சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிறது. விலை அதிகம். உங்களுக்குத் தேவை அவருடைய யோசனை மட்டும்: மஞ்சள் வெளிச்சம், தாழ்வாக, பல்ப் கண்ணில் படாமல்.

மெழுகுதிரியை டெனிஷில் 'உயிருள்ள வெளிச்சம்' என்பார்கள். அழகான பெயர். ஆனால் பூட்டிய அறையில் பத்துத் திரி எரித்தால் புகைத்தூள் நெஞ்சுக்குள் போகும். இங்கே பனிக்காலத்திலும் நாளுக்கு இரண்டு மூன்று தடவை யன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்று விடுவார்கள். அதைப் படங்களில் காட்டமாட்டார்கள். எங்கள் வீட்டில் நான் கொளுத்துவது குத்துவிளக்கு. வேலைத்தலத்துச் சிநேகிதி ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, எதையும் விளங்கப்படுத்தாமலே அதற்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டாள்.

காலையில எங்கட வீடு போர்க்களம். அந்த நேரத்தில ஆற அமர இருக்கேலுமோ?

முழுக் காலையும் முடியாது. ஐந்து நிமிடம் முடியும். டிசம்பரில் இங்கே 'நாட்காட்டித் திரி' விற்பார்கள். ஒரு மெழுகுதிரியின் உடம்பில் மேலிருந்து கீழே 1 முதல் 24 வரை எண் போட்டிருக்கும். காலைச் சாப்பாட்டு நேரத்தில் கொளுத்தி, அன்றைய எண் உருகி மறைந்ததும் ஊதி அணைக்க வேண்டும். எங்கள் சின்னவன் நாடியை மேசையில் வைத்துக்கொண்டு அந்த '7' சரிந்து உருகுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். கை தானாகப் பாணை வாய்க்குக் கொண்டுபோகும். அந்த நேரத்தில் 'கெதியாச் சாப்பிடு' என்று நான் ஒரு நாளும் சொல்ல வேண்டி வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஹ்யுகெ எண்டு ஒண்டு இருக்காம். அதில என்ன செய்யிறது?

கிழமை முழுவதும் வேலை செய்த குடும்பம் வெள்ளி பின்னேரம் சோபாவில் ஒன்றாக விழுவது. அவ்வளவுதான். லேசான சாப்பாடு, பிறகு ஒரு போர்வைக்குள் எல்லாரும் சேர்ந்து தொலைக்காட்சி. டெனிஷ் அரச தொலைக்காட்சி 1991இலிருந்து வெள்ளி இரவில் பிள்ளைகளுக்கான டிஸ்னி நிகழ்ச்சி போடுகிறது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

இனிப்பும் அதில் ஒரு பங்கு. சுப்பர்மார்க்கெட்டில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகளில் இனிப்பு இருக்கும், பிள்ளை சின்னக் கரண்டியால் தானே அள்ளிக் கடதாசிப் பையில் போட்டு நிறுக்கக் கொடுக்கும். மற்ற நாட்களில் கேட்டால் 'வெள்ளிக்கிழமை' என்று ஒரே பதில், சில வீடுகளில் 'சனிக்கிழமை'. கேட்பதற்கும் கிடைப்பதற்கும் நடுவில் ஒரு நாள் இருப்பது பிள்ளைகளுக்குப் பழகிவிடுகிறது. கடையில் விழுந்து அழுகிற பிள்ளையை நான் இங்கே குறைவாகத்தான் கண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் தோசை. தட்டில் அடுக்கிப் பரிமாறுவதில்லை. மின்சாரத் தோசைக்கல்லை மேசைக்கே கொண்டுவந்து வைத்து, அவரவர் முறைக்கு ஊற்றுவோம். கைப்போன்கள் பாண் பெட்டிக்குள் போகும், என் கணவருடையதும்தான். முதல் மூன்று கிழமை பெரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். நாலாவது கிழமை அவளே பெட்டியை எடுத்து நீட்டினாள்.

ஆக்கள் வந்தால் நாலு கறியாவது வைக்க வேண்டாமோ? பாணும் கோப்பியும் குடுத்தால் என்ன நினைப்பினம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் பதில் சொல்லியிருக்கிறேன். வந்த புதிதில் ஒரு நவம்பர் பின்னேரம் வேலைத்தலத்துச் சிநேகிதி வீட்டுக்கு அழைத்திருந்தாள். சேலை உடுத்து, பெட்டி நிறையப் பலகாரத்தோடு போனேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றி உள்ளே போனதும் அவள் என் கையில் ஒரு சின்னக் கத்தியைத் தந்தாள், முன்னால் ஒரு சட்டி அவித்த உருளைக்கிழங்கு. நான் தோலுரிக்க, அவள் கணவர் சோஸ் கிளற, எட்டு வயது மகன் மேசைக்குத் தட்டு வைத்தான். விருந்தாளிக்கு வேலை கொடுக்கிறார்களே என்று முதலில் மனம் சுருங்கியது. பத்து நிமிடத்தில் சூடான கிழங்கு விரலைச் சுட, நானும் அவளும் ஊதி ஊதி உரித்தபடி சிரித்துக்கொண்டிருந்தோம். வரவேற்பறைக் கதிரையின் நுனியில் இருந்திருந்தால் அந்த வீட்டோடு அவ்வளவு கெதியாக ஒட்டியிருக்கமாட்டேன்.

சமைத்த களைப்பில் வீட்டுக்காரி மேசைக்கு வராமல் குசினிக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தால் அதை யாரும் ஹ்யுகெ என்று சொல்லமாட்டார்கள். அதனால் சாப்பாடு எளிமையாக இருக்கும். ஆட்கள் கூடினால் ஆளுக்கொரு சட்டி கொண்டுவருகிற விருந்தும் வழமை. சாப்பிட்டு எழும்பும்போது சமைத்தவரைப் பார்த்து 'டாக் ஃபோர் மாட்', சாப்பாட்டுக்கு நன்றி, என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். பிறகு எங்கேயாவது சந்தித்தால் 'டாக் ஃபோர் சிஸ்ட்', போன தடவைக்கு நன்றி. இந்த இரண்டையும் எங்கள் வீட்டிலும் பழக்கிவிட்டேன், தமிழிலேயே. 'அம்மா, சாப்பாட்டுக்கு நன்றி' என்று மகன் முதல் நாள் சொன்னபோது மாமி திகைத்துப் போனார். இப்போது அவர் சமைத்த நாளில் நாங்கள் சொல்லாவிட்டால் அவரே எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

நாலு கறி வைக்கும் ஆசையை விடச் சொல்லவில்லை. வைக்க விருப்பமானால் வையுங்கள். வந்தவர்களுக்கும் ஒரு தேங்காயும் திருவலையும் கொடுத்துவிடுங்கள்.

கூடியிருந்தால் என்ன கதைக்கிறது? எங்கட ஆக்கள் கூடினால் பிள்ளையின்ர மார்க்ஸ், வீட்டு விலை, இதுதானே.

அதைத்தான் இவர்கள் கதைக்கமாட்டார்கள். அக்செல் சாண்டெமோஸ 1933இல் எழுதிய நாவலில் 'யான்டெ' என்று ஒரு கற்பனை ஊர் வரும், அந்த ஊருக்குப் பத்துக் கட்டளைகள். முதலாவது, நீ ஏதோ பெரிய ஆள் என்று நினைக்காதே. ஊர்ச் சனம் ஒருவரை ஒருவர் எப்படி அமுக்குகிறது என்று காட்டத்தான் அவர் எழுதினார். கெட்டிக்காரப் பிள்ளை தலை தூக்க முடியாமல் போகிறது என்று டெனிஷ்காரரே இன்றைக்கும் அதைக் குறை சொல்வார்கள், அது சரியான குறைதான்.

ஆனாலும் மேசையில் அதற்கு ஒரு நல்ல பக்கம் இருக்கிறது. யாரும் யாரையும் அளப்பதில்லை. பிறந்தநாள்காரர் தானே கேக் வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்து மற்றவர்களுக்குக் கொடுப்பார். நான் எங்கள் வீட்டில் கொண்டுவந்த விதி இதுதான்: சாப்பாட்டு மேசையில் மார்க்ஸ், சம்பளம், வீட்டு விலை வேண்டாம். முதல் சில தடவை பெரிய மௌனம் வந்தது. பிறகு என் மாமனார், வாழ்நாளில் சொல்லாத கதையாக, பருத்தித்துறைக் கடலில் தான் சின்ன வயதில் தோணி ஓட்டப் பழகியதைச் சொன்னார்.

பிள்ளை பாலைக் கொட்டினால் 'ப்யுட்' எண்டு விடோணுமாம். பழுதாப் போகாதோ?

'ப்யுட்' என்றால் 'பரவாயில்லை, விடு' என்பதற்குக் கிட்ட. 2018இல் டென்மார்க் நூலகச் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் மக்கள் இதையே தங்களுக்கு மிகப் பிடித்த சொல்லாகத் தெரிந்தெடுத்தார்கள். எங்கள் பாலர் பாடசாலையில் சுவரில் ஒரு பெரிய மூடியை ஒட்டி 'ப்யுட் பொத்தான்' என்று வைத்திருக்கிறோம். விளையாட்டில் தோற்ற பிள்ளை கண் கலங்கி வந்து அதை ஓங்கி அமுக்கும், ஒரு மூச்சு விடும், திரும்ப ஓடும். சில பிள்ளைகள் நாலு தடவை அமுக்கும். நான் நின்று பார்த்துக்கொண்டு இருப்பேன், அமுக்கச் சொல்லி ஒருநாளும் சொல்வதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கொட்டின பாலுக்கு ப்யுட். இன்னொரு பிள்ளையைத் தள்ளி விழுத்தினால் ப்யுட் இல்லை. அடிபட்ட பிள்ளையிடம் போய் 'ப்யுட், விடு' என்று சொல்வது கொடுமை. கொட்டிய பாலையும் பிள்ளையேதான் துடைக்க வேண்டும், துணியை நாங்கள் எடுத்துக் கொடுப்போம். திட்டு மட்டும் இல்லை. பழுதாகப் போன பிள்ளையை நான் காணவில்லை, கொட்டிவிட்டு ஒளிக்காத பிள்ளைகளைத்தான் காண்கிறேன்.

குளிருக்க பச்சைப் பிள்ளையை வெளியில படுக்க விடுவினமாமே! அதென்ன மகிழ்ச்சி?

மெய்தான். நன்றாகப் போர்த்தி, தள்ளுவண்டியில், வீட்டு முற்றத்தில். கடும் பனியில் விடமாட்டார்கள். மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் உள்ளேதான். வெளிக்காற்றில் பிள்ளை நல்லாகத் தூங்கும் என்பது இவர்கள் நம்பிக்கை. 1997இல் டெனிஷ் தாய் ஒருவர் நியூயோர்க்கில் அப்படி உணவகத்துக்கு வெளியே தள்ளுவண்டியை விட்டுவிட்டு உள்ளே இருந்ததற்குக் கைதானார். இங்கே அதை வாசித்தவர்களுக்கு ஆச்சரியம், அங்கே இருந்தவர்களுக்கு அதிர்ச்சி.

இது குளிரைப் பற்றியது என்பதைவிட நம்பிக்கையைப் பற்றியது. பெரும்பாலான மனிதரை நம்பலாமா என்று கேட்டால் இங்கே நாலில் மூன்று பேர் அளவில் ஆம் என்பார்கள். கிராமத்து வீதியோரத்தில் உருளைக்கிழங்கும் ஸ்ட்ராபெரியும் பெட்டியில் வைத்திருக்கும், பக்கத்தில் காசு போட ஒரு டப்பா, விற்பவர் இருக்கமாட்டார். தங்கைக்கு நான் சொன்னது: தள்ளுவண்டியை வெளியே விடாதே, நீ இருக்கும் ஊருக்கு அது பொருந்தாது. பிள்ளையை மழையில் விளையாட விடு. இங்கே 'கெட்ட காலநிலை என்று ஒன்று இல்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு' என்பார்கள். எங்கள் பிள்ளைகள் கழுத்திலிருந்து கால்வரை ஒரே துண்டாக வரும் உடுப்புப் போட்டுச் சேற்றுக்குள் உருளுவார்கள். கழுவுவது எங்கள் வேலை.

நான் தனியா இருக்கேன். குடும்பம், மேசை, பிள்ளைகள்னு சொன்னா எனக்கு இதுல என்ன இருக்கு?

கொப்பன்ஹேகனில் வேலைக்கு வந்திருக்கும் பெண் கேட்டது. தனியாகவும் ஹ்யுகெ செய்யலாம் என்று இவர்கள் சொல்வார்கள். மழை, போர்வை, தேத்தண்ணீர், ஒரு புத்தகம். அது ஒரு மாலைக்குப் போதும், ஒரு பனிக்காலத்துக்குப் போதாது.

மற்ற வழி, ஒன்றாகச் சாப்பிடும் இடங்களுக்குப் போவது. கொப்பன்ஹேகன் வெஸ்டர்புரோவில் முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம் 2015இல் 'அப்சலோன்' என்ற மக்கள் மண்டபமானது. மாலை ஆறு மணிக்கு நீள மேசைகளில் முன்பின் அறியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒரே சட்டியிலிருந்து பரிமாறிச் சாப்பிடுவார்கள். இன்னும் ஒருபடி மேலே போனால், கூட்டாக வாழும் குடியிருப்புகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, நடுவில் பொதுச் சமையலறை. 1972இல் ஹிலரோட் பக்கம் சேட்டடாமன் என்ற குடியிருப்பில் தொடங்கியது அது.

பாட்டையும் மறக்க வேண்டாம். குருண்ட்விக் என்ற பாதிரியாரின் சிந்தனையில் 1844இல் ரோடிங் ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளி தொடங்கியது. பரீட்சை இல்லாத பள்ளி. அங்கிருந்து வந்த பாட்டுப்புத்தகம் 1894இலிருந்து திரும்பத் திரும்ப அச்சாகிறது. 2020இல் கொரோனாவுக்கு எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டபோது ஃபிலிப் ஃபேபர் என்ற இசை நடத்துநர் காலையில் தொலைக்காட்சியில் பியானோவுக்கு முன்னால் இருந்து பாட, நாடே தங்கள் தங்கள் கூடத்தில் நின்று பாடியது. நானும் பாடினேன். உச்சரிப்புச் சரியில்லை என்று திருத்த அங்கே யாரும் இல்லை. உங்கள் ஊரில் பஜனையோ தேவாரக் கூட்டமோ பாடகர் குழுவோ இருந்தால் அதில் சேருங்கள்.

சண்டை இருக்கிற வீட்டில திரியைக் கொளுத்திப்போட்டு இருந்தால், அது பிரச்சினையை மூடி வைக்கிறதுதானே?

ஆம், அந்த ஆபத்து இருக்கிறது. 'ஹ்யுகெ நேரம், இப்போது அதை எடுக்காதே' என்று சொல்லிக் கசப்பான கதைகளை வருடக்கணக்காகத் தள்ளிப்போடும் டெனிஷ் குடும்பங்களையும் எனக்குத் தெரியும். முதல் பதிலில் சொன்ன எதிர்ச்சொல்லை நினைத்துப் பாருங்கள். வாயைத் திறக்கவே ஒருவர் பயந்துகொண்டு இருக்கும் மேசையில் எத்தனை திரி எரிந்தாலும் அது ஊஹ்யுகெலிதான்.

எங்கள் வீட்டில் நானும் அவரும் செய்துகொண்ட ஏற்பாடு: வெள்ளி இரவில் சண்டை இல்லை, ஞாயிறு பத்து மணிக்குக் கோப்பியோடு இருந்து அதைப் பேசித் தீர்ப்பது. ஞாயிறு என்று ஒன்று கட்டாயம் இருப்பதால்தான் வெள்ளியில் நிம்மதியாக இருக்க முடிகிறது. அடி உதை நடக்கும் வீட்டுக்கு இது எதுவுமே மருந்தில்லை. அங்கே முதலில் வெளியிலிருந்து உதவி வேண்டும்.

அவையின்ர ஹ்யுகெக்குள்ள எங்களைச் சேர்ப்பினமோ?

கஷ்டமான கேள்வி. ஹ்யுகெ ஒரு வட்டம். உள்ளே இருப்பவர்களுக்குச் சூடு, வெளியே நிற்பவருக்கு யன்னலில் தெரியும் வெளிச்சம் மட்டும். யெப்பெ ட்ரோல் லினெட் என்ற டெனிஷ் மானிடவியலாளரே அது ஆட்களை விலக்கியும் வைக்கிறது என்று எழுதியிருக்கிறார். 2016இல் 'டென்மார்க் பண்பாட்டுப் பட்டியல்' என்று பத்து விழுமியங்களை மக்கள் வாக்கோடு தெரிந்தெடுத்தபோது ஹ்யுகெயும் நம்பிக்கையும் அதில் இடம்பெற்றன. எங்களுடையது என்று பட்டியல் போட்டவுடன் யார் அந்த 'நாங்கள்' என்ற கேள்வி வரத்தானே செய்யும்.

தமிழருக்கு இதில் ஒரு சரித்திரமே உண்டு. 1980களில் போருக்குத் தப்பி இங்கே வந்த தமிழரின் மனைவி பிள்ளைகளை அழைக்கும் விண்ணப்பங்களை, சட்டத்தில் உரிமை இருந்தும், நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் நிறுத்தி வைத்தார். அது வெளியே வந்து 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசாங்கமே பதவி விலகியது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் அவருக்கு நாலு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. 'தமிழர் வழக்கு' என்றால் இங்கே படித்தவர் எல்லாருக்கும் தெரியும். குடும்பத்தை எதிர்பார்த்துத் தனி அறையில் இருந்த அந்த ஆண்களுக்கு எந்த விளக்கு வெளிச்சம் ஆறுதல் கொடுத்திருக்கும்? இதே நாட்டில், அவர்களுக்காகக் கேள்வி கேட்டு அந்த அநியாயத்தை வெளியே கொண்டுவந்தவர்களும் டெனிஷ்காரர்தான். இரண்டையும் நான் சேர்த்தே நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என் அனுபவம்: அழைப்புக்காகக் காத்திருந்தால் காலம் போகும். மெதுவாகத்தான் திறப்பார்கள், திறந்தால் வருடக்கணக்காக இருப்பார்கள். நீங்கள் முதலில் அழையுங்கள். மூன்று கிழமைக்கு முன்னமே நாளைச் சொல்லுங்கள், அவர்கள் நாட்காட்டியில் எழுதுவார்கள். ஆறு மணி என்றால் ஆறுக்கே மணி அடிக்கும், தயாராக இருங்கள். எங்கள் தெருக்காரரைக் கோடையில் பிராண்டே அபிராமி அம்மன் கோயிலுக்கும் கூட்டிப் போயிருக்கிறேன். சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்று சொல்லவே தேவைப்படவில்லை.

இதெல்லாம் எங்கட ஆக்களிட்ட முந்தியே இருந்ததுதானே? விறாந்தையில இருந்து கதைச்சதும் நிலாவில சோறு குழைச்சுத் தந்ததும் என்ன?

இருந்தது. எங்கள் அப்பாச்சி குழையல் சோற்றை உருட்டி உருட்டிக் கையில் வைத்தது எந்த ஹ்யுகெக்கும் குறைந்ததில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அன்றைக்கு அப்பாச்சி எப்போது சாப்பிட்டார்? எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, அடிச்சட்டியில் இருந்ததை, குசினிக்குள் தனியாக என்றுதான் நினைக்கிறேன்.

இங்கிருந்து எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் நான் இதையே சொல்வேன். டெனிஷ் வீடுகளில் 'சாப்பாட்டு நாள்' என்று பங்கு பிரிப்பார்கள். திங்கள் அப்பா, செவ்வாய் அம்மா, புதன் பத்து வயது மகள். அவள் ஸ்பகெட்டிதான் அவிப்பாள், எல்லாரும் அதைத்தான் சாப்பிடுவார்கள், நன்றியும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் புதன்கிழமை மகனின் முறை. முதல் கிழமை பருப்பு அடிப்பிடித்தது. பெரியவள் முகம் சுளிக்கப் பார்த்தாள், என் கணவர் மெதுவாக 'ப்யுட்' என்றார்.

எங்கட ஊரில வெயில். போர்வையும் நெருப்படுப்பும் எங்க?

போர்வை வேண்டாம். இங்கேயும் கோடையில் ஹ்யுகெ வெளியேதான். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நகரத்தில் மாடிவீட்டில் இருப்பவர்கள் ஊரோரத்தில் சின்னத் தோட்டமும் குடிலும் வைத்திருப்பார்கள், முதல் தோட்டச் சங்கம் 1884இல் ஓல்போர்க்கில் தொடங்கியது. வேலியால் எட்டிப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஒரு கோப்பை கோப்பி, பதிலுக்கு ஒரு பிடி பட்டாணி. உங்களிடம் மொட்டைமாடியோ கிணற்றடியோ மாமர நிழலோ இருக்கும்.

சரியக்கா, இண்டைக்கே ஒண்டு தொடங்கிறதெண்டால் எது?

இன்று இரவு உங்கள் வீட்டில் எப்போதும் கடைசியாகச் சாப்பிடுகிறவரை முதலில் கதிரையில் இருத்துங்கள். மற்றவர்கள் தட்டு, தண்ணீர், கறிச்சட்டி எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவரட்டும். பெரிய விளக்கை அணைத்து ஒரு சின்ன விளக்கைப் போடுங்கள். போன்கள் பாண் பெட்டிக்குள். அவர் எழும்பப் பார்ப்பார், உப்பு எடுக்க, அப்பளம் எடுக்க என்று. எழும்ப விடாதீர்கள், உப்பை நீங்கள் எடுத்து வாருங்கள்.